மைலேஜ் மாறியா, மாறிலியா? காரமடை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பது அந்தக் காரின் குணம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. கோவைப் பக்கத்துக் காரமடையில் அது கேட்பவரின் குணம். மைத்துனர் கேட்டால் ஒன்று, எதிர்வீட்டுக்காரர் கேட்டால் ஒன்று, வண்டியை வாங்க வந்தவர் கேட்டால் வேறொன்று. இந்த மூன்று எண்களுக்கும் கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையின் முந்தைய ஆய்வுகள் அனைத்தும் டீக்கடை பெஞ்சில் வாய்மொழியாகவே நடந்து, டம்ளர் கழுவப்பட்டதும் அழிந்துவிட்டன.

மைலேஜ் ஆய்வில் இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது புனே மரபு. 1966-இல் அங்கே தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரால் அது வழங்கப்படுகிறது. இம்மரபினர் காரை ரோட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஓர் அறைக்குள் உருளைகளின் மேல் ஏற்றி, நகராதபடி கட்டிப்போட்டு ஓட்டுகிறார்கள். சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், கார் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு திரை. அதில் ஓடும் கோட்டின்படி வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மொத்தம் 1180 நொடி, அதாவது 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் கடக்கும் தூரம் 11 கிலோமீட்டரைத் தொடாது. உச்ச வேகம் 90, சராசரி 32-க்குப் பக்கம். ஏசி போடுவதில்லை. பின்சீட்டில் மாமியார் இல்லை, டிக்கியில் தேங்காய் மூட்டை இல்லை.

அறிஞர்களைத் திகைக்க வைப்பது அடுத்த படிதான். செலவான பெட்ரோலை யாரும் நேராக அளப்பதில்லை. புகைக்குழாயில் வரும் வாயுவைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கார்பனைக் கணக்கிட்டு, இவ்வளவு கார்பன் வெளியே வந்தால் இவ்வளவு பெட்ரோல் உள்ளே போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறார்கள். ஏப்பத்தை வைத்து எத்தனை இட்லி என்று கண்டுபிடிக்கிற வித்தை. சிரிக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு மிகச் சரியானது என்பதை இக்கட்டுரையாளர் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கணக்கில் பிழையில்லை, அந்த 1180 நொடியில்தான் நம்மூர் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. அந்தத் தேர்வில் நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 நொடி எடுத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று வருகிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் காரமடைக்குள் நின்று கிளம்பும் ஒருவர் இதைச் செய்து பார்க்கட்டும். நாலாவது நொடியில் பின்னாலிருந்து ஹார்ன் கேட்கும். எட்டாவது நொடியில் தனியார் பஸ் இடப்பக்கமாக ஏறி வரும். பத்தாவது நொடியில் கண்டக்டர் படியில் தொங்கியபடி ஏதோ சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னது அச்சில் ஏற்றத் தக்கதன்று. மீதி 16 நொடிக்கு ஆய்வாளரிடம் மனவலிமை இருப்பதில்லை. ஆக்சிலேட்டரை மிதித்துவிடுகிறார். புனேவின் எண்ணும் காரமடையின் எண்ணும் பிரிகிற இடம் அதுதான்.

தசமப் புள்ளியைப் பற்றியும் இங்கே பேசிவிடலாம். 2024-இல் வந்த ஸ்விஃப்ட்டின் மேனுவல் மாடலுக்குச் சொல்லப்பட்டது 24.80. கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் மாடலுக்கு 27.97. அந்தக் கடைசி 7 என்பது 70 மீட்டர். மாசி மகத் தேரோட்டத்தன்று அரங்கநாதர் கோயில் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுகிறவர் ஒரு சந்திலிருந்து ரிவர்ஸ் எடுத்து வெளியே வரவே அந்த 70 மீட்டர் செலவாகிவிடும். அதைக்கூட விடாமல் எண்ணிச் சொல்லும் நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இந்த இடைவெளி நம்மூருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் 2001-இல் கம்பெனிக் கணக்குக்கும் ரோட்டுக் கணக்குக்கும் வித்தியாசம் 9 சதவீதம் அளவில் இருந்தது. 2016 வாக்கில் அது 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று ஐ.சி.சி.டி. என்ற ஆய்வமைப்பு கணக்குக் காட்டியது. அந்தப் பதினைந்து ஆண்டில் ஐரோப்பியர்கள் வண்டி ஓட்டத் தெரியாதவர்களாக மாறிவிடவில்லை. தேர்வில் மார்க் வாங்குவது எப்படி என்று கார்கள் படித்துக்கொண்டன. 2017-இல் தேர்வு முறையையே மாற்றினார்கள். அமெரிக்காவில் 2012-இல் ஹூண்டாயும் கியாவும் சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜைக் கூட்டிச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டு எண்ணைக் குறைத்தன. 2014-இல் 10 கோடி டாலர் அபராதம். ஜப்பானில் மிட்சுபிஷியும் 2016-இல் இதற்காகவே தலைகுனிந்து நின்றது. பக்கத்திலிருக்கும் திருச்சூரிலும் ஒரு வழக்கு நடந்தது. லிட்டருக்கு 32 என்று விளம்பரம் பார்த்து டீசல் கார் வாங்கிய பெண்மணி நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மன்றம் அமர்த்திய நிபுணர் ஓட்டிப் பார்த்ததில் வந்தது 19.6. 2022-இல் 3 லட்ச ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கொடுக்கத் தீர்ப்பானது. காரமடைக்காரர் எவரும் இப்படி வழக்குப் போடுவதில்லை. வழக்குப் போட்டால் உண்மையான மைலேஜ் ஊருக்குத் தெரிந்துவிடும், வண்டியை விற்க முடியாது.

இனி இரண்டாவதான காரமடை மரபு. இன்ஜினை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் பழக்கம் இந்தச் சீமைக்குப் பழையது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட ஜி.டி. நாயுடு பிறந்த மண். போதாததற்கு, வண்டிகளுக்கு மீட்டரும் பெட்ரோல் முள்ளும் செய்கிற பிரிக்கால் நிறுவனம் இருப்பது இதே மேட்டுப்பாளையம் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையத்தில். முள் பிறக்கிற ஊருக்குப் பக்கத்தில் குடியிருப்பதாலோ என்னவோ, காரமடைக்காரர்கள் முள்ளை முழுசாக நம்புவதில்லை. அவர்கள் நம்புவது பங்க்கை.

முறை இதுதான். டேங்க்கை நிரப்பு, ட்ரிப் மீட்டரைச் சைபர் ஆக்கு, ஓட்டு, மறுபடி நிரப்பு, வகு. புத்தகத்தில் இருக்கிற முறைதான், குற்றமில்லை. ஆனால் பங்க்கில் நடப்பதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். "ஜீரோ பாத்துக்குங்" என்று சொல்லிவிட்டுப் பையன் நாசிலைச் செருகுகிறான். ஆட்டோ கட் ஆகி டக்கென்று நிற்கிறது. மீட்டரில் 1012 ரூபாய், பத்து லிட்டர் போலக் காட்டுகிறது. ஆய்வு இங்கே முடிந்திருக்க வேண்டும். பையன் நிமிர்ந்து, "ரவுண்ட் பண்ணிரட்டுங்களா?" என்கிறான். சில்லறைத் தொல்லைக்குப் பயந்து ஆய்வாளர் தலையாட்டுகிறார். 1050 ஆகிறது. கூடுதலாகப் போன 38 ரூபாய் பெட்ரோல் மூன்றேமுக்கால் சதவீதம். இருபது கொடுத்த வண்டி அந்த ஒரு தலையாட்டலில் பத்தொன்பதேகால் கொடுக்கிற வண்டியாகிவிட்டது. கார் எந்தத் தப்பும் செய்யவில்லை. இன்னும் தீவிரமானவர்கள் உண்டு. ஆட்டோ கட் ஆன பிறகு பின்பக்கம் போய் வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, காற்றுக் குமிழை வெளியேற்றி, இன்னும் அரை லிட்டரைப் புகுத்துவார்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் டப்பாவுக்கு இது கெடுதல் என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. ஆய்வு வெறியில் யாருக்குக் கேட்கும்.

நிலவியலும் இதில் விளையாடுகிறது. கோவை கடல்மட்டத்துக்குச் சுமார் 410 மீட்டர் மேலே, மேட்டுப்பாளையம் 326. கண்ணுக்குத் தெரியாத இறக்கம். டன் எடையுள்ள கார் மேட்டுப்பாளையத்துக்குப் போகையில் சுமார் 100 மில்லி பெட்ரோல் மிச்சம், திரும்புகையில் அதே 100 மில்லி தண்டம். 35 கிலோமீட்டர் தூரத்துக்கு 20 கொடுக்கிற வண்டி போகையில் 21-ஐத் தாண்டும், வருகையில் 19-ஐத் தொடாது. போன கணக்கை மட்டும் சொல்கிற ஒரு சாராரும் வந்த கணக்கை மட்டும் சொல்கிற ஒரு சாராரும் ஒரே டீக்கடையில் பல ஆண்டுகளாக வாதிட்டுவருவதன் காரணம் இதுவே. கறிவேப்பிலைக் கட்டை எக்செல் மொபெட்டில் தன் தலைக்கு மேல் அடுக்கி ஓட்டிவருகிற விவசாயி இந்தச் சண்டையில் சேர்வதில்லை. ஒரு நடைக்கு எத்தனை கட்டு என்பதே அவர் கணக்கு. இத்துறையில் உருப்படியான அளவுகோல் வைத்திருக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது ஆய்வுலகத்துக்குப் பெரிய நிம்மதி. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் அதற்குத் தயாராகாத பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. காரமடையில் குறைவது 25 சதவீதம். மிச்சம் 18 சதவீதத்துக்குக் காற்றில்லாத டயர், மாற்றாத ஏர் ஃபில்டர், மகன் ஓட்டுகிற லட்சணம் எல்லாம் பொறுப்பு. அவை அனைத்தும் இப்போது எத்தனால் தரும் கரும்பின் தலையில் கட்டப்பட்டுள்ளன.

இதுவரை சொன்னவை சில்லறை விஷயங்கள். கேட்பவருக்கேற்ப எண் மாறுவதுதான் இவ்வாய்வின் மையம். காரணமாகச் சொல்லக்கூடிய இயற்பியல் விதி எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் விளைவு ஒருபோதும் தவறியதில்லை. ஒரே கார், ஒரே ஞாயிற்றுக்கிழமை. காலையில் எதிர்வீட்டுக்காரர் வேறு கம்பெனி வண்டி எடுத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு வருகிறார்.

"உங்குளுது எத்தன குடுக்குதுங்?"

"இருவத்திரண்டுக்குக் கொறையறதில்லீங். ஏசி போட்டே."

அரைமணி நேரத்தில் மைத்துனர் வருகிறார். "மச்சான், பசங்க ஊட்டி ஊட்டிங்கறாங்க. வண்டி ஒரு நாளைக்கு வேணுமுங்."

"எடுத்துட்டுப் போ மாப்ள. ஆனா இப்பவே சொல்லிப்போட்டேன், தண்ணியாக் குடிக்குது. பதினொண்ணு தாண்டாது."

அரைமணி நேரத்தில் 11 கிலோமீட்டர் எங்கே போனது என்று கேட்பது ஆய்வாளரின் கடமை. கேட்டால் வண்டி நமக்கும் கிடைக்காது. தவிர, மலை விஷயத்தில் மச்சான் சொன்னது பொய்யுமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஸ்டேஷன் 1877 மீட்டர் உயரம். நாலு பேரோடு 1200 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க 22 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, இன்ஜின் அதில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும். ஆக, உயரத்துக்கு மட்டுமே இரண்டேமுக்கால் லிட்டர். 50 கிலோமீட்டர் தூரத்துக்கு வழக்கமாகும் இரண்டரை லிட்டரையும் சேர்த்தால் வண்டி கொடுப்பது ஒன்பதரை. மச்சான் ஒன்றரை கிலோமீட்டர் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்.

மைத்துனர் சாயங்காலம் திரும்பிவந்து சாவியைக் கொடுக்கும்போது, "நாப்பது காட்டுச்சுங் மச்சான்!" என்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை. ட்ரிப் மீட்டரை ஊட்டியில் சைபர் ஆக்கியிருக்கிறார். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்தக் காலத்து இன்ஜினுக்குப் பெட்ரோலே போகாது. டிஸ்ப்ளே குதூகலித்து எது வேண்டுமானாலும் காட்டும். ஏற்றம் இறக்கம் இரண்டையும் கூட்டி வகுத்தால் 16, 17 வரலாம். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க இருவருக்குமே விருப்பமில்லை. நியூட்ரலில் விட்டு இறங்கினால் இன்னும் மிச்சம் என்று ஒரு கட்சி உண்டு. அது தவறு. நியூட்ரலில் இன்ஜின் ஐடிலில் ஓடிப் பெட்ரோல் குடிக்கும், பிரேக்கும் காய்ந்துவிடும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கும் மேதைகளுக்கு இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். அவர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக விற்பனைக் காலம். எட்டு வருஷம் கம்பெனியைத் திட்டித் தீர்த்த உரிமையாளர் அன்றைக்குப் புனே மரபுக்கு மதம் மாறுகிறார். சிறுமுகையிலிருந்து வாங்க வந்தவர் பானெட்டைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்கிறார். உரிமையாளருக்கு முன்னால் புரோக்கர் முந்திக்கொள்கிறார்.

"கம்பெனியே இருவத்திநாலு போட்டிருக்கானுங். கவருமெண்டு சர்ட்டிபிகேட்டுங்."

உரிமையாளர் பக்தியோடு தலையாட்டுகிறார். வாங்க வந்தவர் வானத்தைப் பார்த்து மனதுக்குள் அஞ்சைக் கழிக்கிறார். பத்தொன்பது வருகிறது. ஐரோப்பியர்கள் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துக் கண்டுபிடித்த திருத்தக் காரணியைச் சிறுமுகைக்காரர் நாலு நொடியில், காகிதம் இல்லாமல் போட்டுவிட்டார். வண்டி உண்மையில் கொடுப்பதும் ஏறக்குறைய அதுதான். பொய் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் நஷ்டமில்லை.

"செரிங். டயரு எப்பங் மாத்துனது?"

உரிமையாளர் புரோக்கரைப் பார்க்கிறார். புரோக்கர் டயரைப் பார்க்கிறார்.

"இப்பத்தானுங், ஆறு மாசம் இருக்கும்."