எஞ்சின் மாற்றுவோரின் பிரமாணங்கள்: ஓர் அளவையியல் ஆய்வு

மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் சமயக்கணக்கரைத் தேடிப் போன நாயகியிடம் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். ஓர் உண்மையை உண்மை என்று எந்த வழியில் அறிகிறோமோ அந்த வழிக்கு அளவை என்று பெயர்; பிரமாணம் என்றும் சொல்வார்கள். வேதவியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்ற கணக்கும் அங்கேயே இருக்கிறது. மாருதி ஜிப்சிக்குள் பலேனோ எஞ்சின் உட்காருமா என்ற கேள்விக்கு இவற்றில் எது செல்லும் என்று மூவரும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரையறை. கார் ஒன்று இருக்கிறது. அதில் எஞ்சினும் இருக்கிறது. பெரும்பாலும் ஓடவும் ஓடுகிறது. அதை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காருக்கென்று செய்யப்படாத வேறோர் எஞ்சினை ஏற்ற விரும்புகிறவரை இங்கே ‘ஆர்வலர்’ என்போம். வீட்டார் அவரைக் குறிக்கும் பிற சொற்கள் ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டா.

பிரமாணங்களில் ஆகமத்துக்கு, அதாவது நூல் வாக்குக்கு, தனி மரியாதை உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். இத்துறையின் ஆகமம் சர்வீஸ் மேனுவல். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், வால்வு இடைவெளி எவ்வளவு, எந்த ஆயில் எத்தனை லிட்டர் என எல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஹேய்ன்ஸ் என்பவர் பள்ளி மாணவனாக இருந்தபோதே ஒரு பழைய ஆஸ்டின் 7 காரை மாற்றிக் கட்டி, கட்டிய விதத்தைச் சிறு புத்தகமாகவும் போட்டார். 1966-இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கு அவர் கொண்டுவந்த கையேடுதான் பிறகு உலகமெங்கும் கார்ப் பட்டறை அலமாரிகளில் இடம்பிடித்த ஹேய்ன்ஸ் வரிசையின் தொடக்கம். காரை முழுக்கப் பிரித்து, திரும்ப மாட்டி, அதைப் படம்பிடித்து எழுதுவது அவர் முறை. ஆகமம் இயற்றியவரின் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது என்று பிற துறைகளால் இவ்வளவு உறுதியாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

எனினும் மேனுவல்கள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு சித்தாந்தம் உண்டு. கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்துவந்தால் மாட்டி முடித்துவிடலாம் என்பதே அது. கழற்றியதையே திரும்ப மாட்டுகிறவனுக்கு இது வேதவாக்கு. ஆர்வலருக்கோ கழற்றியது ஒன்று, மாட்டப்போவது வேறொன்று. அவரை மேனுவல், பாதி வழியில் பிரேக்டவுனான டவுன் பஸ்ஸைப் போல, டிக்கெட் காசைத் திருப்பித் தராமல் இறக்கிவிட்டுவிடுகிறது.

அங்கிருந்து நடந்தால் முதலில் வருவது ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக். நயம் என்று பார்த்தால் ஒன்றும் தேறாது. பிரித்துப் பறக்கவிட்ட படங்களும் எண்களும்தான். ஆனால் இரண்டு வெவ்வேறு கார்களின் பக்கங்களில் ஒரே பார்ட் நம்பர் வந்துவிட்டால் ஆர்வலருக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு. இதைத்தான் தருக்க நூலார் கருதல் என்றார்கள். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல எண்ணைக் கண்டு பொருத்தத்தை அறிவது. ஜிப்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் வந்தபோது அதில் இருந்தது 970 சிசி எஞ்சின். பின்னால் 1.3 லிட்டர் ஜி13 வந்தது. எஸ்டீமிலும் ஜி13 உண்டு. பழைய பலேனோ செடானில் (இப்போது அந்தப் பெயரில் ஓடுவது வேறு பிறவி) இருந்தது 1590 சிசி கொண்ட ஜி16. ஜி13, ஜி16 இரண்டும் ஒரே குடும்பம். ஆகவே ஜிப்சியின் பெல் ஹவுசிங் ஜி16-ஐ அந்நியனாக நினைக்காது என்று கருதலாம்; பலர் அப்படிக் கருதித்தான் இறங்கினார்கள்.

கருதல் அதோடு நின்றுவிடும். பலேனோவில் எஞ்சின் குறுக்காகக் கிடந்து முன்சக்கரங்களை ஓட்டியது. ஜிப்சியில் அது நெடுக்காகப் படுக்க வேண்டும். அப்போது ஆயில் சம்ப் முன் ஆக்சிலில் இடிக்குமா, இன்டேக் எந்தப் பக்கம் திரும்பும், தண்ணீர்க் குழாய் எதில் உரசும் என்பதெல்லாம் எந்த எண்ணிலும் எழுதியிருக்காது. கண்ணால் பார்க்க வேண்டும்; காட்சி என்ற அளவை இதுதான். பார்க்கும் இடங்கள் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். உண்மையான ஆர்வலர் காயலான் கடைக்குப் போவது பெரும்பாலும் வாங்க அல்ல. அவர் கையில் வெர்னியர் இருக்கும், பையில் காசு இருக்காது.

“தம்பி, வாங்கறியா, அளக்கறியா?”

“அளந்துட்டு வாங்கிக்கிறேன் பாய்.”

“தீபாவளிக்கும் இதையேதான் சொன்னே.”

இந்த உரையாடலில் கடைக்காரர் தோற்றதாகத் தோன்றும். உண்மையில் நூலகரின் பொறுமை அவருடையது.

உவமம் என்ற அளவைக்கு அம்பாசடரை மிஞ்சிய சான்று இல்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை உடலும் 1489 சிசி எஞ்சினுமாகப் பல பத்தாண்டுகள் ஓடிய அந்த வண்டிக்குள், 1990-களின் தொடக்கத்தில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் கம்பெனியே ஏற்றியது. 1950-களின் பிரிட்டிஷ் உடல், ஜப்பானிய இதயம். அதாவது, நாட்டின் மிகப்பெரிய எஞ்சின் மாற்று ஆர்வலர் உத்தரபாராவில் இருந்த தொழிற்சாலைதான். இதன் விளைவு, பழைய அம்பாசடருக்குள் இசுசு போட விரும்புகிறவர் எந்த நூலையும் புரட்ட வேண்டாம். இசுசுவோடு பிறந்து, ஓடி, கடைசியாகக் காயலான் கடைக்கு வந்து சேர்ந்த ஓர் அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினால் போதும். மவுண்டிங் எங்கே, கியர் லீவர் தரையில் எந்த இடத்தில் துளைத்துக்கொண்டு வருகிறது, எல்லாம் அங்கே இரும்பில் எழுதியிருக்கிறது.

இனி ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதை ஏற்பது ஐதிகம். அளவைகளில் இதற்கு மதிப்புக் குறைவு. பட்டறையில் இதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பது இவ்வாய்வின் முடிபு. எந்தப் பட்டறைக்குப் போய், எந்த எஞ்சினைச் சொல்லி, எந்தக் காருக்குள் போகுமா என்று கேட்டாலும், “சேலத்துல ஒருத்தர் போட்டிருக்காரு” என்பது பதில். சேலத்தில் கேட்டால் அவர் மதுரையில் இருக்கிறார். மதுரையில் நாகர்கோவில் என்கிறார்கள். இவரைப் பார்த்தவர் இல்லை. வண்டி எண் தெரிந்தவர் இல்லை. ஆனாலும் அவருடைய வண்டி மலை ஏறும்போது நான்காவது கியரிலேயே ஏறியது என்பதில் எல்லா ஊருக்கும் கருத்து ஒன்று.

இவரை இல்லாதவர் என்று தள்ளிவிடும் முன், அவர் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். சேலத்துக்காரரே போட்டுவிட்டார் என்ற துணிச்சலில் ஓர் ஆர்வலர் இங்கே எஞ்சினை இறக்குகிறார். பல மாதம் தவித்து ஓட்டியும் விடுகிறார். அன்றிலிருந்து சேலத்தில் அவரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. பேய் இருக்கிறது என்று நம்பியதால் பேய் பிறக்கும் மரம் வேறெங்கும் இல்லை.

இந்தப் பேச்சுக்கெல்லாம் அசையாதவர் லேத் பட்டறைக்காரர். பௌத்த அளவையியல் காட்சி, கருதல் என்ற இரண்டை மட்டுமே ஏற்கும்; மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்வதும் அதுவே. லேத்காரர் அதிலும் ஒன்றைக் குறைத்தவர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே போடும் அடாப்டர் பிளேட்டை அவர்தான் கடைய வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பிளேட்டின் கனத்தால் ஷாஃப்ட் எட்டாமல் போகக் கூடாது. ஷாஃப்டின் முனையில் உட்காரும் சின்ன பேரிங் சரியான அளவில் இருக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டின் பல் எண்ணிக்கை ஷாஃப்டோடு ஒத்துப்போக வேண்டும். மையம் கொஞ்சம் விலகினாலும் பேரிங் சத்தம் போடும், கிளட்ச் சீக்கிரம் போய்விடும். ஆர்வலர் நீட்டும் செல்போன் படங்களை அவர் பார்ப்பதில்லை. “ரெண்டையும் எடுத்துட்டு வா தம்பி” என்பதோடு அவர் தரப்பு முடிந்தது. அவர் வந்துபோவது டிவிஎஸ் எக்ஸ்எல்லில். இத்துறையில் நான் முழுமையாக நம்பும் ஒரே ஆசிரியர் அவர்.

எலெக்ட்ரானிக் எஞ்சின்களுக்கு அபாவம், அதாவது இன்மையை அறியும் அளவை, கூடுதலாகத் தேவைப்படும். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, பெட்ரோல் வருகிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பழைய காரின் சாவியில் இருந்த சிப்பையோ, விட்டுவிட்டு வந்த ஏதோ ஒரு சென்சாரையோ எஞ்சினின் கணினியான ஈசியு தேடிக்கொண்டிருக்கிறது. இருப்பதைச் சோதித்துப் பயனில்லை. இல்லாதது எது என்று வயரிங் படத்தில் ஒவ்வொரு முள்ளாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக அரசு. இங்கே செல்லும் பிரமாணம் ஆகமம் ஒன்றே. அதன் பெயர் ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, அதில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வேண்டும். ஒரு விலக்கும் உண்டு: பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை வைத்திருப்பவருக்கு, ஒப்புதல் கேட்காமலே எஞ்சின் மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம். ஆர்வலர் ஒருவர் இதைப் படித்துவிட்டு லாரி விலை விசாரித்தார். அடுத்த வரியைப் படித்திருக்கலாம். அந்தப் பத்து வண்டிக்காரரும் அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினைத்தான் போட வேண்டும்.