ஒருநாள் உத்தமர்

அத்திப்பட்டில் வெள்ளைச் சட்டை காலை எட்டு மணி வரைதான் செல்லுபடியாகும். ஒரு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் வல்லூர் அனல் மின் நிலையம், இடையில் காமராஜர் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் லாரிகள். கரியும் சாம்பலும் புழுதியும் முறை வைத்து வந்து மேலே உட்காரும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் விடியற்காலையில் பாலித்தீன் பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து, உதறாமல், மூச்சுக்கூட படாமல் மாட்டுகிறார் என்றால், ஒன்று பெண் பார்க்கப் போகிறார். இல்லையென்றால் நன்னடத்தை அலுவலரை முதல்முறையாகப் பார்க்கப் போகிறார்.

நமக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

வயது இருபத்துநாலு, இருபத்தைந்து இருக்கும். யார்டிலோ பிளான்ட்டிலோ கான்ட்ராக்ட் வேலை. மாதத்தில் பாதி நாள் ஷிஃப்ட், மீதி நாள் ‘சூப்பர்வைசர் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காரு’. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு வைத்த பேனரில் இவர் போட்டோவைக் கீழ் வரிசையில், தபால்தலை அளவில் போட்டுவிட்டார்கள். டீக்கடையில் அதற்கு நியாயம் கேட்கப் போனார். நியாயம் வாயிலிருந்து கைக்கு வந்துவிட்டது. எதிராளிக்கு உதட்டில் இரண்டு தையல். அப்புறம் எஃப்.ஐ.ஆர்., பொன்னேரி கோர்ட், வாய்தா, வாய்தா, வாய்தா. கடைசியில் மாஜிஸ்திரேட், குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொன்ன கையோடு, வயதையும் இதுதான் முதல் கேஸ் என்பதையும் பார்த்து, ஜெயிலுக்கு அனுப்பாமல் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு வருஷம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்கச் சொல்லிவிட்டார். கம்பெனியில் எத்தனை வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தும் கிடைக்காத புரொபேஷன், கோர்ட்டில் கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஆலோசனைக் குழு கூடிவிடும். கண்டிஷன் பெயிலில் ஸ்டேஷன் கையெழுத்துப் போட்டு முடித்த அனுபவசாலிதான் தலைமை. “இன்னாத்துக்குபா பயப்படுற? டெய்லி காலைல பத்தரைக்குப் போ, கையெழுத்தப் போடு, வந்துகினே இரு. பேனா மட்டும் சொந்தமா எடுத்துனு போ.” அடுத்தவர் இன்னும் விவரமானவர்: “நன்னடத்தைன்னா 110டா. உன்ன லிஸ்ட்ல ஏத்திட்டாங்கோ. எலெக்‌ஷன் வந்தா மொத ஆளா தூக்குவாங்கோ.” மூன்றாமவர் தலையில் அடித்துக்கொள்வார்: “டேய், அது அண்ணா பொறந்தநாளுக்கு வுடுவாங்களே, அதுடா.” எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறவரை எங்கிருந்து விடுதலை செய்வது என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றுமே தப்பு. தினக் கையெழுத்து ஜாமீன் நிபந்தனை. 110 பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. புதிய சட்டத்தில் அது 129 ஆகிவிட்டது, டீக்கடைக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை. நம்மவருக்குக் கிடைத்திருப்பது 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. பத்திரம் 3 வருஷத்துக்கு மேல் போகாது. கண்காணிப்பு என்று போட்டால் ஒரு வருஷத்துக்குக் குறையாது. அலுவலரின் வேலை என்ன என்பதை 14-ஆவது பிரிவு சொல்கிறது: கவனித்துக்கொள்வது, புத்தி சொல்வது, தேவைப்பட்டால் தகுந்த வேலை தேடித்தர முயல்வது. இந்தக் கடைசிச் சங்கதி மட்டும் எந்த ஆலோசகர் வாயிலிருந்தும் வராது. அவர்கள் ஒரே குரலில் சொல்வது, “வேலை இல்லேன்னு மட்டும் சொல்லிடாதே!”

ஆகவே, வேலை தேடித்தர வேண்டிய பொறுப்பில் இருப்பவரிடம் தனக்கு வேலை இருக்கிறது என்று நிரூபிக்க, இருக்கிற ஷிஃப்டையும் விட்டுவிட்டு நம்மவர் கான்ட்ராக்டர் பின்னால் அலைவார். கிடைக்கிற கடிதத்தில் இவர் ஒழுங்காகப் பணிபுரிகிறார் என்று ஒரு வரி இருக்கும். அதனால் வரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று மூன்று வரி இருக்கும்.

கடிதம் ஃபைலில் ஏறும். அந்த ஃபைலில் ஆதார், ஸ்மார்ட் கார்டு, ஈ.பி. அட்டை, டி.சி., பத்தாவது மார்க் ஷீட், ஒரு நடிகரின் பிறந்தநாளில் ரத்தம் கொடுத்த சான்றிதழ், கபடிக் கோப்பையோடு நிற்கும் போட்டோ, கட்சிக்காரர் லெட்டர்பேடில் ‘இவரை எனக்குச் சிறுவயது முதல் தெரியும்’, கொரோனா தடுப்பூசி போட்ட அத்தாட்சி, அதுவும் இரண்டு டோஸுக்கும். ஒழுக்கத்துக்கும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், “இருக்கட்டும்ணா, கேட்டா இன்னா பண்றது?”

அடுத்தது ஆள். தலைக்குப் போலீஸ் கட்டிங். முழங்கையில் பச்சை குத்திய தலைவர் முகத்தை மறைக்க முழுக்கை. நெற்றியில் விபூதி. மாமா ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு போகச் சொல்வார். கார்த்திகைக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது என்று அத்தை தடுத்திருக்காவிட்டால் போட்டிருப்பார்.

இந்த உருமாற்றத்துக்குப் பரம்பரை உண்டு. 1841-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைக்கிறவர், கோர்ட்டில் நின்ற ஒரு குடிகாரரைத் தன் பொறுப்பில் அழைத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கூட்டிவந்தபோது, அதே ஆள்தானா என்று கோர்ட்டில் யாராலும் நம்பமுடியவில்லையாம்; அகஸ்டஸே எழுதிவைத்திருக்கிறார். ஒரு சென்ட் அபராதத்தோடு வழக்கு முடிந்தது. உலகத்தின் முதல் நன்னடத்தை அலுவலர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். நம் சென்னை மாகாணமும் சளைத்ததல்ல, 1936-லேயே தனக்கென்று ஒரு நன்னடத்தைச் சட்டம் போட்டுக்கொண்டது. பாஸ்டன்காரருக்காவது திருந்த மூன்று வாரம் கொடுத்தார்கள். நம்மவர் வியாழக்கிழமைக்குள் திருந்தியாக வேண்டும். அதில் ஒருநாள் நைட் ஷிஃப்ட் வேறு.

ஷூவில்தான் இடித்தது. இவரிடம் இருப்பது பிளான்ட்டில் கொடுத்த சேஃப்டி ஷூ, முன்னால் இரும்பு வைத்தது. அடிதடி கேஸுக்கு அதைப் போட்டுக்கொண்டு போவது உசிதமாக இருக்காது என்று குழு அபிப்பிராயப்பட்டது. எங்கிருந்தோ ஒரு கறுப்பு ஷூ கடன் வாங்கியாகிவிட்டது.

முதல்நாள் ராத்திரி ஒத்திகை. மாமா நாற்காலியில் அலுவலர். “உன் லட்சியம் என்ன?” “சமுதாயத்துக்கு நல்லது பண்றது சார்.” “கோபம் வந்தா என்ன செய்வே?” “பத்து எண்ணுவேன் சார்.” அலுவலர் பெண்ணாக இருக்கக்கூடும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

திருவள்ளூர் பக்கம் வரச்சொன்னால் இன்னொரு கூத்து. அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதானால் எண்ணூர், திருவொற்றியூர் எல்லாம் தாண்டிச் சென்னைக்குள் போய், அங்கிருந்து அரக்கோணம் பக்கம் போகிற வண்டியைப் பிடிக்க வேண்டும். பதினொரு மணிக்கு வரச்சொன்னதற்கு விடிவதற்குள் கிளம்பி, கூட அம்மா, மாமா, அனுபவசாலி, ஒரு கிலோ ஆப்பிள், ஸ்வீட் பாக்ஸ் சகிதம் போய்ச் சேரும்போது சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும்.

“வணக்கம் சார்,” என்கிறார். எதிரே கண்ணாடி போட்ட பெண்மணி ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார். முதலில் ஆப்பிள் பையை எடுத்துப்போகச் சொல்கிறார். அதற்கு வேறு சட்டம் இருக்கிறதாம். அப்புறம் மாமாவையும் அனுபவசாலியையும் வெளியே உட்காரச் சொல்கிறார்.

“அத்திப்பட்டா? சிட்டிசன் படத்துல வருமே, அந்த ஊரா?”

“அது அத்திப்பட்டி மேடம். மேப்லேர்ந்தே காணாமப் போயிடும். நம்ம ஊரு இருக்குது மேடம்.” ஈ.பி. அட்டையை எடுத்து நீட்டுகிறார்.

“குடிப்பழக்கம்?”

“சத்தியமா இல்ல மேடம்.”

“சிகரெட்?”

“பொகையே ஆவாது மேடம்.” பிளான்ட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார். வேகம் பிடித்துவிட்டது. “டீ கூடக் குடிக்கமாட்டேன் மேடம்.”

அவர் காகிதத்தைப் புரட்டுகிறார். “சம்பவ இடம் டீக்கடைன்னு போட்டிருக்கு?”

“சும்மா பேப்பர் படிக்கப் போனேன் மேடம்.”

லட்சியத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம், வீட்டில் எத்தனை பேர், ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய், மாதம் எவ்வளவு வரும், கடன் எவ்வளவு, நெருங்கின சிநேகிதர் யார். ஒத்திகையில் இல்லாத கேள்விகள். நம்மவர் ஃபைலைத் தேடுகிறார். அம்மா முகத்தைப் பார்க்கிறார். தன் கடன் தொகையை ஜன்னல் வழியாக மாமாவிடம் ஜாடையில் கேட்கிறார். பத்திர நிபந்தனைகளை அலுவலர் படித்துக் காட்டுகிறார். முதல் தடவை மீறினால் 50 ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம் என்று வந்ததும், “அம்பது ரூபாதானா?” என்று வாய்விட்டு வந்துவிடுகிறது. 1958-ல் போட்ட தொகை அது. அபராதத்தோடு விடாமல், பழைய கேஸுக்கே தண்டனை கொடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று அவர் அடுத்த வரியையும் படிக்கிறார். நம்மவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

“அடிபட்டவர் கூட இப்ப பேச்சுவார்த்தை உண்டா?”

நம்மவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். “இந்த ஷூவே அவுருதுதான் மேடம்.”

அவ்வளவு நேரமாக மார்க் ஷீட்டையும் ரத்ததானத்தையும் தள்ளிவைத்திருந்தவர், பேனாவை எடுத்து அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்க்க வருவதாகவும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமைக்குள் தெருவே திருந்திவிட்டது. மைக்செட் இறங்கியது. அந்தப் பேனர் சுருண்டு பரணுக்குப் போனது. வண்டிச் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பையனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். காலை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டைகளாக ஒரு கூட்டம், அடி வாங்கியவர் உட்பட, அத்திப்பட்டு ஸ்டேஷனில் வரவேற்க நின்றது. அலுவலர் அதற்கு முந்தின ஸ்டேஷனான அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துத் தெருவுக்கே வந்துவிட்டார். வீடு பூட்டியிருந்தது. தெருவில் ஆள் இல்லை. திறந்திருந்தது டீக்கடை ஒன்றுதான்.

“அந்தப் பையனா?” என்றார் மாஸ்டர், டீயை ஆற்றிக்கொண்டே. “தங்கமான பையன் மேடம். நம்ம கடையில முந்நூத்தி நாப்பது ரூபா டீ பாக்கி. அத மட்டும் உங்க ரிப்போர்ட்ல கொஞ்சம் எழுதிக்குங்க.”