மேலிருந்து வருவது, கீழிருந்து போவது

கல்விக் கொள்கை ஹேவாஹெட்டத் தோட்டப் பாடசாலை அதிபருக்கு வட்ஸ்அப்பில் வருகிறது. பத்தரமுல்லை இசுருபாயவில், கல்வி அமைச்சில் பிறந்து, மாகாணம், வலயம், கோட்டம் என்று படியிறங்கி, மலைச்சரிவில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் அவர் நிற்கும்போது வந்து விழும். அடியில் ஒரு வரி: உடன் நடைமுறைப்படுத்தவும்.

உடன் என்றால் எதுவரை என்பதுதான் சிக்கல். 1972 சீர்திருத்தம் சாதாரண தரப் பரீட்சையைத் தூக்கிவிட்டு என்.சி.ஜி.ஈ. என்ற பரீட்சையைக் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியது. சாதாரண தரம் திரும்பி வந்தது. 2026இல் ஆறாம் தரத்துக்குப் புதிய பாடமுறை என்றார்கள். மகரகமை தேசிய கல்வி நிறுவகத்தில் தயாரான ஆங்கில மொடியூலில் தகாத இணையத்தள முகவரி ஒன்று ஏறியிருக்க, ஆறாம் தரம் 2027க்குத் தள்ளிப்போனது. பெற்றோர் மகரகமைக்கா போவார்கள்? "சேர், அது என்ன வெப்சைட்?" என்று கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டால், பார்த்தேன் என்றும் சொல்ல ஏலாது, பார்க்கவில்லை என்றாலும் பொறுப்பில்லாத அதிபர்.

இதற்கிடையில், இடமாற்றத்தில் போன கணித ஆசிரியருக்குப் பதில் ஆள் கேட்டு அவர் எழுதிய கடிதமும் அதே படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று பிரதிகளில், வலயத்தினூடாக, பதிவுத் தபாலில்.