ஃபியூஸ் பெட்டிக்கு ஒரு விண்ணப்பம்

இங்கிலாந்தின் குத்தகை ஃபிளாட் முறையை நான் மனதாரப் போற்றுகிறேன். லட்சக்கணக்கில் பவுண்டைக் கொட்டி வாங்கியவர் 99 ஆண்டோ 125 ஆண்டோ தாராளமாகக் குடியிருக்கலாம். நிலமும் கட்டடமும் மட்டும் இன்னொருவருக்குச் சொந்தம். கண்ணியமான ஏற்பாடு.

அப்படி வாங்கிய ஃபிளாட்டில், வாசற்கதவுக்கு மேலே பழைய ஃபியூஸ் பெட்டி. மரப்பலகையில் திருகியது, பீங்கான் கட்டைகளில் கம்பி சுற்றியது, ஒன்றின் ஓரம் கருகியே இருக்கிறது. உடனே மாற்றத் துடிப்பவர் நாகரிகம் தெரியாதவர். முதலில் ஒப்பந்தத்தைப் புரட்ட வேண்டாமா? உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எதையும் மாற்றக்கூடாது என்றிருக்கும். விண்ணப்பத்துக்குக் கட்டணம். அதைப் படிக்கும் வக்கீலுக்குக் கட்டணம். பெட்டியை அண்ணாந்து பார்க்கும் சர்வேயருக்கும் கட்டணம். 2016 முதல் வீடுகளில் பொருத்தும் புதிய பெட்டி தீப்பிடிக்காத உறைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இருக்கட்டும், அவசரமில்லை. நெருப்பும் முறைப்படி நடந்துகொள்ளும்: மூன்று பிரதிகளில் விண்ணப்பித்து, கையெழுத்து வரும்வரை மாடிப்படியில் காத்திருக்கும்.

கடைசியில் கடிதம் வந்தேவிடும். அனுமதிக் கடிதமல்ல. கட்டடத்தில் பழைய ஃபியூஸ் பெட்டிகள் இருப்பதால் காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்துவிட்டதாம். உங்கள் பங்கை உடனே கட்டவும்.

அங்கே ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாவியை வாங்குமுன் ஃபியூஸ் பெட்டி யாருடையது என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு என்ன கட்டணம் என்பதையும்.