எல்.கே.ஜி. யார் வீட்டுப் பிள்ளை?

மதிப்புக்குரிய பள்ளிக்கல்வித் துறைக்கும், அதைவிடச் சற்றும் மதிப்புக் குறையாத சமூக நலத் துறைக்கும்,

இருவருக்கும் ஒரே உறையில் அனுப்புவதைப் பொறுத்தருளவும். மூன்றரை வயதுப் பிள்ளை உங்களில் யார் கணக்கில் வருகிறது என்பது ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முட்டையும் சத்துமாவும் ஒரு துறையாம். அ, ஆ இன்னொரு துறையாம். பிள்ளைக்கு இருப்பதோ ஒரே வாய்.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினீர்கள். ஊர் மகிழ்ந்தது. பாடம் நடத்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினீர்கள். அவர்களில் சிலர் நீதிமன்றப் படியேறினார்கள். 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிக்கே திருப்பி அழைத்து, வகுப்புகளுக்கு மூடுவிழா நடத்தப் பார்த்தீர்கள். எதிர்ப்பு கிளம்பியதும், சில நாட்களிலேயே "தொடரும்" என்று அறிவிப்பு வந்தது. தொடர்கதைக்குத்தான் வழக்கமாக அந்தச் சொல்லைப் போடுவார்கள். இந்த முறை வந்தவர்கள் தற்காலிக ஆசிரியர்கள், மதிப்பூதியம் மாதம் ரூ.5,000. மதிப்பு எவ்வளவு, ஊதியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

சிற்றூர்களின் கதை வேறு. 400 முதல் 800 பேர் இருந்தால்தான் முழு அங்கன்வாடி. 150 முதல் 400 பேர் என்றால் குறு மையம் என்பது விதி. குறு மையத்துக்கென வகுத்த பணியிடத்தில் சமைக்க ஆயா கிடையாது. அப்படியொரு பால்வாடியில் காலை பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் போதும். குக்கர் விசில் அடிக்கும்போது டீச்சர் ஒரு பிள்ளையை எடை பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த விசிலுக்குள் அதை 'போஷன் டிராக்கர்' செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் வாசல் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். மூன்றாவது விசில் வரை 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தின்படி பிள்ளைகளே ஆடிப் பாடிக்கொள்வார்கள். நல்ல பாடத்திட்டம்தான், அதை நடத்த இன்னொரு ஆள்தான் வேண்டும்.

அதற்கு முன்பே, எட்டு மணிக்கு, தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. கழுத்தில் டை, தோளில் தன் எடையில் பாதிப் பை. கூலி வேலைக்குப் போகும் தாய் நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணம் அதில் ஏறிப் போகிறது.

இத்தனைக்கும் எல்.கே.ஜி.க்குப் பணம் கொடுப்பது உங்களுக்குப் புதிதல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு அரசுதானே கட்டுகிறது? அதற்குப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். குறு மையம் இருக்கிற ஊரில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் கண்மாயும் கருவேலங்காடும்தான்.

இதற்குப் பதில் எழுதுவதானால் ஒரு வேண்டுகோள்: "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று மட்டும் வேண்டாம். அந்த வரியுள்ள கடிதங்கள் ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. பால்வாடிப் பிள்ளைகள் அவற்றில்தான் கப்பல் செய்கிறார்கள்.