முக்காலியர்: மஸ்கெலியாவில் காணப்படும் ஒரு மனித வகை

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு ஏறும் பாதையில், டிசம்பர்ப் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், வெள்ளை உடுத்த யாத்திரிகரோடு மற்றுமொரு வகையினரும் கூட்டமாக வந்து இறங்குகின்றனர். யாத்திரிகர் மலையுச்சியிலுள்ள பாதச்சுவட்டைக் காணப் போகிறவர். இவ்வகையினரோ அந்த யாத்திரிகரையும், மலையையும், இடையில் எதிர்ப்படும் எதையும் படமெடுக்கப் போகிறவர். மடக்கி விரிக்கத்தக்க மூன்றுகால் தாங்கி ஒன்றை எந்நேரமும் தோளில் சாத்தியபடி திரிவதால் இவர்களை முக்காலியர் என வழங்கலாம். தனி முக்காலியர் அரிது. ஒரு வேனும், முன்கூட்டியே சொல்லிவைத்த மதியச் சோறும், ஓர் உள்ளூர் வழிகாட்டியும், வெளிச்சத்துக்குத் தாமே பொறுப்பு என்பது போலப் பேசும் ஒரு குழுத்தலைவரும் வாய்த்த இடத்திலேயே இவ்வினம் தழைக்கிறது.

முக்காலியரின் கண் மஸ்கெலியாவை அடைவதற்கு முன்பே வேறிடத்தில் பழகிவிட்ட கண். அவர் வெள்ளவத்தையைச் சேர்ந்தவராயினும், சென்னையையோ டொரன்டோவையோ சேர்ந்தவராயினும், இத்தாலியின் வால் தோர்ச்சா, போர்த்துக்கலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு முதலிய திராட்சை மது விளையும் நாடுகளுள் ஒன்றுக்கேனும் போய் வந்தவராகவோ, போய் வந்தவரின் படங்களைக் கண்டு பெருமூச்செறிந்தவராகவோ இருப்பார். டோரோ 2001இலும் வால் தோர்ச்சா 2004இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை என்பதை அவர் கேளாமலே சொல்வார். அந்நாடுகளில் குன்றின் தலைமேல் கல்வீடுகள் நெருங்கிய பழைய ஊரும் அதன் கீழே சரிவெங்கும் கொடி வரிசையும் அமைந்திருக்கும். படமெடுப்பவர் பொத்தானை அழுத்தினால் போதும். மஸ்கெலியாவிலும் சரிவு உண்டு, வரிசை உண்டு, பனிமூட்டம் வேண்டிய அளவுக்கு மேலாகவே உண்டு. குன்றின் தலையில் ஊரைத்தான் காணோம். தேயிலைத் தோட்டத்தில் உயரமான இடம் துரை பங்களாவுக்கு, அதாவது தோட்ட முகாமையாளரின் வசிப்பிடத்துக்கு உரியது. தொழிலாளர் வாழும் லயங்கள், ஒரே கூரையின் கீழ் அறையறையாகத் தடுக்கப்பட்ட நீண்ட வரிசைக் குடியிருப்புகள், பெரும்பாலும் தாழ்வான இடங்களிலேயே கிடக்கின்றன. ஆகவே முக்காலியரின் வில்லை இயல்பாகவே மேல்நோக்கி நிமிர்கிறது. தவிர்க்க முடியாமல் கீழே திரும்ப நேர்ந்தாலோ, தகரக் கூரையும், அது காற்றில் பறந்துவிடாதிருக்க மேலே ஏற்றிய கல்லும் பழைய டயரும், தொலைக்காட்சித் தட்டும், மின்கம்பியும், கொடியில் காயும் பள்ளிச் சீருடையும் சட்டத்துக்குள் விழாத ஒரு கோணத்தைத் தேடி அவர் படும் பாடு, கவ்வாத்து வெட்டுபவரின், அதாவது முதிர்ந்த தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டித் தாழ்த்துபவரின் அரைநாள் உழைப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. எஞ்சுவது பச்சை. அந்தப் பச்சைக்கு அவர் ‘மலைக் கிராமம்’ என்று தலைப்பிடுகிறார்.

முக்காலியரின் நாள் விடியுமுன்பே தொடங்குகிறது. பொன்னொளி நேரம் என்பது, கதிரவன் எழுந்து சற்று நேரம் வரையும் மறைவதற்குச் சற்று முன்பும் சாய்வாக விழும் மஞ்சள் வெளிச்சம் நிலத்தில் தங்கும் சிறுபொழுதைக் குறிக்கும். இவர்களுடைய சமயத்தில் அதுவே பூசைவேளை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில், முக்காலிகளுக்குப் பின்னே மூச்சடக்கி வரிசையாக நிற்கும் இவர்களைத் தொலைவிலிருந்து காண்போர் கொக்குக் கூட்டம் என்றே மயங்குவர். குழுத்தலைவர் ஒரு துளை எண்ணை அறிவிக்கிறார். துளை எண் என்பது வில்லைக்குள் ஒளி புகும் வழியின் அகலத்தைச் சுட்டுவது. எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும் என்னும் விதி, புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளிலேயே கலங்கடித்துவிடும். இடம், நேரம், எண் மூன்றும் ஒன்றே ஆகையால் விளையும் படங்களும் ஒன்றே; எனினும் மற்றவர் தம்மைப் பார்த்து எடுத்துவிட்டதாக ஒவ்வொருவரும் உள்ளூர நம்புவதில் வேறுபாடில்லை.

அவர்கள் அவ்வளவு பக்தியோடு பதிவுசெய்யும் அந்த வெற்று நீர்ப்பரப்பின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. 1960களின் பிற்பகுதியில் லக்சபான நீர்மின் திட்டத்துக்காக இங்கே அணை எழும்பியபோது நகரம் மேட்டுக்குப் பெயர்க்கப்பட்டது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் தலைகாட்டும். பல நாடு தாண்டித் தேடிவந்த பழைய மலையூர் காலடியிலேயே இருக்கிறது என்று வழிகாட்டி எடுத்துரைத்தால், முக்காலியர் சிந்தனையில் ஆழ்ந்து, “அப்ப தண்ணி எப்ப வத்தும்?” என்று வினவுகிறார். நாடு இருளில் மூழ்கினாலும் பரவாயில்லை, தமக்கு நல்ல முன்காட்சி கிடைக்கவேண்டும் என்னும் இவ்வேட்கையை மின்சார சபை இதுவரை கருத்தில் கொள்ளவில்லை.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொழுந்து மலை. பறிக்கும் நிலம் மேடாயினும் பள்ளமாயினும் அதை ‘மலை’ என்றே சொல்வது தோட்டத்து வழக்கம். முக்காலியருக்கு வேண்டியது பிரம்புக் கூடை. ஆனால் இன்று பல இடங்களில் கொழுந்து நைலோன் சாக்கில் விழுகிறது. சாக்கு அவரை வருத்துகிறது. அவர் வருத்தம் போக்கவே, சாலை வளைவொன்றில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதிய அம்மையார் ஒருவர் கூடையும் மூக்குத்தியும் புதுச்சேலையுமாகக் காத்திருக்கிறார். வேன் கதவு திறந்த ஓசை கேட்டதும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிக் கன்னத்தருகே உயர்த்திக் காட்டும் அவருடைய தேர்ச்சி வியக்கத்தக்கது. மெய்யாகக் கொழுந்து பறிக்கும் கை கன்னத்தருகே நிற்பதில்லை என்பதோ, அவர் நிற்குமிடத்துச் செடி பறிப்புக்கே வராத முற்றிய செடி என்பதோ வாங்குபவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தொகை பேசியபின், யாருக்கு எந்தக் கோணம் என்பதையும் அவரே ஒழுங்குபடுத்துகிறார். அன்றைய நாளில் அக்குழுவுக்கு வாய்த்த தொழில்முறைக் கலைஞர் அவர் ஒருவரே என்பதில் ஐயமில்லை.

எனினும் ‘இயல்பான’ படம் வேண்டும் என்று பிடிவாதம் கொண்ட ஒருவர் எக்குழுவிலும் உண்டு. அவர் செடிகளுக்கு நடுவே இறங்கி, இடுப்பில் இரட்டுக் கட்டி, அதாவது ஈரமும் செடிக் குச்சியும் தாக்காதிருக்கத் தடித்த சாக்குத்துணி சுற்றி, வேலையில் இருக்கும் பெண்ணை நெருங்குகிறார்.

“அக்கா, கொஞ்சம் இஞ்சால பாத்துச் சிரியுங்கோ.”

“சிரிச்சா பேர் போடுவாங்களா தம்பி? கொழுந்து எடுத்தாத்தானே போடுவாங்க.”

பேர் போடுதல் என்பது அந்நாளுக்குரிய கூலியை வருகைப் பதிவில் ஏற்றுதலாகும். குறித்த எடை நிறைந்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி. அந்த எடை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்றாலும், 18 கிலோ என்பது பல இடங்களில் காதில் விழும் கணக்கு. இக்கணக்கின்படி ஒரு நிமிடச் சிரிப்புக்கும் எடை உண்டு. அவள் மறுமொழியைக் கேட்டு நிரையிலிருந்த பெண்கள் அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனர். அதுவே அன்றைய நாளின் சிறந்த படம். ஆனால் முக்காலியரின் கருவி அப்போதுதான் குவியத்தைத் தேடி முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தது. “இன்னொருக்கா அப்பிடியே சிரியுங்கோ” என்று அவர் வேண்டினார். அதற்குள் கங்காணி, அதாவது வேலையை மேற்பார்ப்பவர், வந்துவிட்டார்.

இவ்வினத்துக்கு இப்பகுதியில் ஒரு மூதாய் உண்டு. ஆங்கில ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன், கணவரின் கோப்பித் தோட்டங்களை நாடி 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறந்து, மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். கண்ணாடித் தகட்டில் ஈரமான இரசாயனக் கலவை பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவவேண்டிய காலம் அது. முன்னால் இருப்பவர் பல நொடி அசையாதிருக்க வேண்டும். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர் டெனிசனுக்கும் வானியலாளர் ஹெர்ஷலுக்கும் படத்தில் பெயர் உண்டு. இலங்கையில் அவர்முன் அசையாது நின்ற உழைப்பாளருள் பெரும்பாலோர் வெறும் ‘பெண்’, ‘குடியானவர்’ என்றே எஞ்சினர். பின்னர் ஸ்கீன், 1890இல் தொடங்கிய பிளேட்டே முதலிய கொழும்பு ஒளிப்பட நிலையங்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணை அஞ்சலட்டையாக்கி உலகெங்கும் அனுப்பின. ஒன்றரை நூற்றாண்டாகப் பார்க்கப்பட்டுப் பழகியவர்கள் முன்னே, தாம்தான் முதன்முதலாகப் பார்ப்பதாக எண்ணி முக்காலியர் பதுங்கி நடப்பது அவருடைய கபடமின்மைக்குச் சான்று.

பிற்பகலில் தேநீர்ச் சுவைப்பு. மதுவைச் சுவைப்பவர் போல உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பி, திம்புள வட்டாரத்துத் தேநீர் ஜனவரி முதல் மார்ச் வரை மணம் மிகும் என்று கேட்டுத் தலையசைத்து, துப்பியதற்குப் பணம் செலுத்துகின்றனர். அவ்வளவே.

மாலைப் பொன்னொளியில் ஊக்கம் மீண்டும் பெருகுகிறது. தாழ்ந்த கோணம் வேண்டி, இயல்பான படம் தேடுபவர் கானில், அதாவது மழைநீர் வடிய வெட்டிய வாய்க்காலில், குப்புறப் படுக்கிறார். ஈரமான கான் அட்டைகளின் வாழிடம் என்பதை வழிகாட்டி சொல்லியிருந்தார். அப்போது குழு துளை எண் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது. அவர் துள்ளி எழுந்து காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி உதறிய ஆட்டத்தை, பள்ளிவிட்டு வந்த லயத்துப் பையன் ஒருவன் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டான். துளை எண், குவியம், முக்காலி எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. பிறகு அவனே உப்புக் கொண்டுவந்து அட்டைகளைக் கழற்றியும் விட்டான்.

வேன் புறப்படும் வேளையில், காலையில் பேர் கணக்குச் சொன்ன பெண் கொழுந்து நிறுத்துவிட்டு மடுவத்திலிருந்து, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து, இறங்கி வந்து, படத்தை அனுப்பச் சொல்கிறாள். முக்காலியர் முகவரி கேட்கிறார். லயத்துக்கு வரும் கடிதம் தோட்டத்து அலுவலகம் வழியாகச் சுற்றிவருவது ஆகையால், அவள் வாட்ஸ்அப் எண்ணைத் தருகிறாள். பெயர் கேட்க மறந்த அவர் அதைக் ‘கொழுந்து அக்கா, மஸ்கெலியா’ என்று சேமித்துக்கொள்கிறார். வேன் நோர்வூட்டைத் தாண்டும்போது அவர் மின்கம்பிகளை மென்பொருளால் அழிக்கும் பணியில் மூழ்கியிருக்கிறார். அதற்குள் பையன் எடுத்த காணொளி, ஒரு குத்துப்பாட்டும் சேர்க்கப்பட்டு, அயல் தோட்டங்கள் வரை பரவிவிட்டது. அதில் அவருக்கும் பெயரில்லை. ‘அட்டை மாமா’ என்று மட்டும் போட்டிருக்கிறது.