விளாவல் இயல்: வெந்நீர் ஊற்றும் கூடாரமும் குறித்து ஒரு தில்லி ஆய்வு

காய்ந்த வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விட்டு, உடம்பு தாங்கும் பதத்துக்குக் கொண்டுவருவதற்கு விளாவுதல் என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இச்சொல்லுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் எத்தனை சொம்பு விட வேண்டும், முழங்கையை விட்டுப் பதம் பார்க்கும் உரிமை வீட்டில் யாருக்கு என்பன போன்ற அடிப்படைக் கேள்விகளுக்குள் அது நுழையவில்லை. அந்தக் குறையைக் களைய வேண்டும் என்பதற்காகவே இந்த ஆய்வு. களம், தில்லி மயூர் விஹாரில் ஒரு சோசைட்டி. காலம், மார்கழி. ஆய்வுப்பொருள், வெந்நீர் ஊற்று இருக்கும் ஊருக்குப் போய் ஓர் இரவு டென்ட்டில் தங்குவதற்கு நாங்கள் போட்ட திட்டம்.

முதலில் புவியியல் பின்னணி. தில்லி கடகரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. அதற்குத் தெற்கே, வெப்ப மண்டலத்தில் பிறந்த தமிழனுக்கு வெந்நீர்க் குளியல் என்பது காய்ச்சல் விட்ட மறுநாள் கிடைக்கும் சலுகை, அல்லது பிள்ளை பெற்றவளுக்கு உரியது. அதே தமிழன் கடகரேகையைத் தாண்டி ஜனவரியில் விழித்தால், ஏழெட்டு டிகிரிக் குளிரில் கீசரின் சிவப்பு விளக்கைத்தான் முதலில் கும்பிடுகிறான். மார்கழியில் விடியுமுன் நீராட வேண்டும் என்ற வழக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தட்பவெப்பத்தை வைத்து ஏற்பட்டது என்பதை வைணவ அறிஞர்கள் யாரும் இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்கழி மூன்றாம் தேதி எங்கள் வீட்டு கீசர் உயிரை விட்டது. மெக்கானிக் "கல் ஆவூங்கா" என்றார். தில்லி மெக்கானிக்குகளின் மொழியில் அது ஒரு கிழமையைக் குறிக்காது. இம்மர்ஷன் ராடு போட்ட பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே அம்மா (வயது 81, இந்த ஆய்வின் மூத்த துணைவர்) கேட்டாள்: "பூமிக்கடியிலேயே வெந்நீர் காயற ஊர் இங்கே எங்கேயோ இருக்காமே? கரண்டு பில் வேற வராது."

இதை சோசைட்டி வாட்ஸப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் பதினேழு பேர் "போகலாம்" என்றார்கள். இந்த 'லாம்' விகுதியைப் பற்றிச் சொல்லாமல் எந்தத் திட்டமிடல் ஆய்வும் முழுமை பெறாது. "உள்ளே வரலாம்" என்றால் அனுமதி. "மழை வரலாம்" என்றால் ஐயம். "வா, காப்பி சாப்பிடலாம்" என்றால் அழைப்பு. குழுவில் வரும் 'போகலாம்' இந்த மூன்றில் எதுவும் இல்லை. 'நீங்கள் ஏற்பாடு செய்தால், எனக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லாவிட்டால், போவதை நான் எதிர்க்க மாட்டேன்' என்பதே அதன் பொருள். வண்டியில் ஏறியவர்கள் ஏழு பேர்.

அடுத்தது இடத்தேர்வு. நாலாம் மாடி சார் மணிகரண் என்றார். குல்லுவில், பார்வதி ஆற்றங்கரையில், 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊற்றில் அரிசியைத் துணியில் கட்டி இறக்கினால் சோறாகிவிடும். குருத்துவாராவில் அப்படிப் பொங்கித்தான் பந்தி நடக்கிறது. சோறு வேகும் நீரில் மனிதர் எப்படி இறங்குவது என்று கேட்டால், பக்கத்திலேயே பனி உருகிய ஆறு ஓடுகிறது. விளாவுவதற்கு வேண்டிய இரண்டையும் இயற்கை பக்கம் பக்கமாக வைத்திருக்கும் அபூர்வ இடம் அது. ஆனால் ஓர் இரவுக்குப் போய்வரும் தூரமில்லை, அம்மாவின் முழங்காலுக்கு மலைப்பாதையும் ஆகாது. சட்லெஜ் கரையில் தத்தாபானி இருந்தது. கோல் அணை கட்டியபோது பழைய ஊற்றுகள் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. ஒரு வெந்நீர் ஊற்றின் மேல் ஓர் ஏரியையே ஊற்றியிருக்கிறார்கள். விளாவலின் வரலாற்றில் இதற்கு மிஞ்சிய நிகழ்ச்சி கிடையாது. தேராதூன் பக்கத்து சஹஸ்ரதாரா கந்தக ஊற்றுதான், ஆனால் குளிர்ந்தது. அங்கே நாம்தான் வெந்நீர் கொண்டுபோக வேண்டியிருக்கும். ரிஷிகேஷ் என்றார் ஒருவர். கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை கங்கை மணலில் டென்ட் போடக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லியாயிற்று. தவிர, எங்களுக்கு வேண்டியது ஊற்று. "ஊற்றுதானே வேணும்? நிஜாமுதீன் பாவ்லி ஊற்றுத் தண்ணிதான், மெட்ரோவிலேயே போகலாமே" என்று எழுதிய முதல் மாடிக்காரர் கடைசிவரை எங்கும் வரவில்லை.

எஞ்சியது சோஹ்னா. ஹரியாணாவில், குருகிராம் தாண்டி, ஆரவல்லி அடிவாரத்தில் இருக்கிறது. தில்லியிலிருந்து அறுபது கிலோமீட்டர் போல. 2023 பிப்ரவரியில் சோஹ்னா–தௌசா விரைவுச்சாலை திறந்ததிலிருந்து எல்லோரும் அந்த ஊர் வழியாகப் போகிறார்கள், யாரும் நிற்பதில்லை. எரிமலை ஒன்றும் அங்கே இல்லை. மழைநீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். அப்படிக் காய்ந்த நீர் வேறொரு பிளவு வழியே, வழியில் சேர்ந்த கந்தகத்தோடு மேலே வந்து சிவகுண்டத்தில் நிற்கிறது. சொறி சிரங்குக்கு நல்லது என்பார்கள். சோமவதி அமாவாசையில் கூட்டம் நெரியும்.

"கந்தக ஊத்துன்னா அழுகின முட்டை நாத்தம் அடிக்குமாமே" என்றாள் மூணாம் மாடி மாமி. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அழுகின முட்டை எப்படி நாறும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" அதன்பின் அந்தத் திக்கில் விவாதம் நகரவில்லை.

விவாதம் நகர்ந்த திக்கு வேறு. ஊற்றுநீர் தானே காயும், சரி. தானே விளாவிக்கொள்ளுமா? நாற்பத்தைந்து டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்கும் பதம் முப்பத்தெட்டு. ஜனவரி தில்லியில் குழாய்த் தண்ணீர் பன்னிரண்டு. கணக்குப் போட்டால் எழுபத்துநாலு லிட்டர் ஊற்றுநீருக்கு இருபது லிட்டர் பச்சைத் தண்ணீர். அதாவது சரியாக ஒரு கேன். தொண்ணூற்றுநாலு லிட்டர், ஐந்து பேர் தாராளமாகக் குளிக்கலாம். மீதி இரண்டு பேர் தில்லி வழக்கப்படி முகம் கழுவி விபூதி இட்டுக்கொள்ளலாம். ஊற்றுக்கே தண்ணீர் சுமப்பதா, திருப்பதிக்கே லட்டா என்று நாலாம் மாடி சார் ஆட்சேபித்தார். அங்கே பச்சைத்தண்ணிக் குழாய் இல்லாமலா இருக்கும்?

"இருக்கும். அதிலயும் வெந்நீரே வந்தா?" என்றாள் அம்மா. பதில் இல்லை. கேன் பட்டியலில் ஏறியது.

இங்கே எதிர்க்கட்சியையும் சொல்வது ஆய்வு நேர்மை. ஜப்பானில் குசாட்சு என்று ஓர் ஊற்றூர். தண்ணீர் இறங்க முடியாத சூடு. பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்றின் குணம் நீர்த்துப்போகும் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆகவே நீளப் பலகைகளைத் தொட்டிக்குள் விட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே புரட்டிப் புரட்டி ஆற வைக்கிறார்கள். யுமோமி என்று பெயர். நம் மரபில் இது குளியலறைக்கு உரியதே அல்ல. டபராவுக்கும் டம்ளருக்கும் உரியது. காப்பியை விளாவுவதில்லை, ஆற்றுகிறோம். குளிக்கும் நீரை ஆற்றுவதில்லை, விளாவுகிறோம். இந்த எல்லைக்கோட்டை ஜப்பானியர் அழித்துவிட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடாக அப்போது இருந்தது. நடுவழி ஒன்றும் உண்டு. திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தில் குத்திய இடங்கள் என்பார்கள். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. தாய்க்கென்று செய்யும்போது ஏழு பதத்தில் எடுத்துவைக்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அவன் தமிழ்ப் பிள்ளைதான்.

மூட்டை முடிச்சு பற்றிச் சுருக்கமாக: ரஜாய் ஏழு, மங்கி கேப் ஏழு, புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஃபில்டர், டிகாக்ஷன், பித்தளைச் சொம்பு, பக்கெட் ஒன்று. நாங்கள் கொண்டுபோனவற்றில் டென்ட் மட்டும்தான் இல்லை. அது தம்தமா ஏரிக்கரையில் வாடகைக்குக் கிடைத்தது.

சனிக்கிழமை பனிமூட்டத்தில் குருகிராம் தாண்டவே மதியமாயிற்று. ஏரிக்கரையில் இரவு முழுக்கப் பக்கத்து டென்ட்காரர்கள் ஸ்பீக்கரில் பஞ்சாபிப் பாட்டு. டென்ட்காரர் காட்டிய குழாயில் காற்று மட்டும் வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஏழு பேருக்குக் காப்பி. பாத்திரம் கழுவக் கொஞ்சம். பதினொன்றரைக்குக் குளிர் தாங்காமல் மறுபடி காப்பி. விடிகாலையில், கிளம்பும் முன், இன்னொரு முறை. எந்தத் தண்ணீரில் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோஹ்னாவில் வண்டியின் டிக்கியைத் திறந்தபோது கேனின் அடியில் இரண்டு விரற்கடை இருந்தது.

பெண்கள் பக்கம் நடந்ததை இந்த ஆய்வாளர் நேரில் காணவில்லை. சாட்சியம் என் மனைவியுடையது. பச்சைத்தண்ணிக் குழாயடியில் நீள வரிசை. அம்மா குண்டத்து நீரை பக்கெட்டில் மொண்டு, முழங்கையை விட்டாள்; சட்டென்று எடுத்துக்கொண்டாள். கேனில் இருந்ததைக் கவிழ்த்தாள். மறுபடி முழங்கை. போதவில்லை. சற்று நேரம் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு சொம்பை எடுத்து, மொண்டு, கையை நன்றாக மேலே தூக்கி, நூல் பிடித்த மாதிரி பக்கெட்டுக்குள் விழவிட்டாள். மறுபடி மொண்டு, மறுபடி. ஆவி எழுந்து மூக்குக் கண்ணாடியை மூடியிருக்கிறது, அவள் நிறுத்தவில்லை.

வரிசையில் நின்ற ஊர்க்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு ஒருத்தி, "அம்மாஜி, டீயா போடறீங்க?" என்று அவள் பாஷையில் கேட்டாளாம்.

"காப்பி" என்றாளாம் அம்மா.